யாரும் கேட்காத ஆல்பத்தைக் கேட்டவர்கள்

நிரூபன்,

நீ பிரெஞ்சில் அனுப்பிய செய்திக்குத் தமிழில் பதில் எழுதுகிறேன். சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் நீ படித்த தமிழுக்கு இது கொஞ்சம் கடினமாக இருக்கும், மெதுவாகத்தான் வாசிக்க முடியும். அதுதான் எனக்கு வேண்டும். கட்டைவிரலால் தள்ளிவிட்டுப் போகிற வேகத்தில் நீ இதை வாசிக்கக் கூடாது. இதை நம்முடைய ஆட்கள் நடத்தும் சஞ்சிகைக்கும் கொடுக்கப்போகிறேன். நான் பாடிய காணொளி பொண்டியிலிருந்து கூசேன்வில் வரை, புறநகர்களில் இருக்கிற நம்முடைய ஆட்கள் எல்லோருடைய கைப்பேசிக்கும் போய்விட்டது. பதிலும் அவ்வளவு தூரம் போகட்டும். "அம்மா, கல்யாணம் முடியும் வரைக்கும் இந்த ஒன்றை மட்டும் விட்டுவிடுங்கள், அபிராவின் அப்பா மிகவும் கோபமாக இருக்கிறார்" என்று எழுதியிருந்தாய். கடைசியில் மூன்று முறை "தயவுசெய்து" என்று போட்டிருந்தாய். உன்னை இவ்வளவு கெஞ்ச வைத்தவர் யார் என்றுதான் முதலில் எனக்குக் கோபம் வந்தது. விடமாட்டேன் மகன். உன் கல்யாணத்துக்கு முன்னால் வருகிற அந்த இசை நிகழ்ச்சியில், பாடகி ஒதில் அம்மாவோடு மேடையேறி அந்த ஒரு பாட்டைப் பாடத்தான் போகிறேன். ஏன் என்று சொல்கிறேன், ஆனால் அனுமதி கேட்டுச் சொல்வதாக நினைத்துவிடாதே.

அந்தப் பாட்டு நம் வீட்டுக்குள் எப்படி வந்தது என்பதை உனக்கு நான் ஒருபோதும் முழுதாகச் சொன்னதில்லை. நான் பத்து வயதில் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தபோது, என் அம்மாவின் தம்பி, நான் மாமா என்று கூப்பிட்டவர், லா ஷப்பேல் பகுதியில் ஒரு மரக்கறிக் கடையின் பாதியை வாடகைக்கு எடுத்துக் கசெட் விற்றுக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் கத்தரிக்காய், முருங்கைக்காய், மறுபக்கம் சினிமாப் பாட்டும் பக்திப் பாட்டும். ஊரை விட்டு வந்த சனத்துக்குச் சோற்றுக்கு அடுத்ததாகப் பாட்டுத்தான் தேவைப்பட்டது, மாமாவால் பதிவுசெய்து முடிக்க முடியவில்லை. வெற்றுக் கசெட்டுக்கு விலை அதிகம். அந்த நேரத்தில் வடக்குப் புறநகரில் ஒரு களஞ்சியத்தைக் காலிசெய்த ஆள், விற்காமல் கிடந்த பிரெஞ்சுக் கசெட்டுகளைப் பெட்டி பெட்டியாகத் தள்ளிவிட்டான். எல்லாம் ஒரே ஆல்பம். மாமா அதில் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கூடப் பார்க்கவில்லை. நாடா நல்ல நாடா, அவருக்கு அது போதும். அழிக்க முடியாதபடி கம்பனி உடைத்துவிட்டிருந்த மேல் ஓட்டைகளில் கடதாசியை மடித்து அடைத்தார், முருகன் பாட்டுகளை மேலே பதிவுசெய்தார், அட்டையின் மேல் வேலோடு நிற்கிற முருகன் படத்தை ஒட்டினார். லா ஷப்பேலைச் சுற்றி இருந்த தமிழ் வீடுகளில் எத்தனையோ வீட்டுக்கு அந்தக் கசெட் போனது.

மாமா ஒன்றைக் கவனிக்கவில்லை. முருகன் பாட்டுகளின் நீளமும் பிரெஞ்சு நாடாவின் நீளமும் ஒன்றல்ல. இரண்டாம் பக்கத்தில் கடைசிப் பக்திப் பாட்டு முடிந்த பிறகும் நாடா ஓடிக்கொண்டிருக்கும். அங்கே அழியாமல் மிஞ்சியிருந்தது, அந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டு.

என் அப்பா ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். மத்தியான வேலைக்கும் இரவு வேலைக்கும் நடுவில் கிடைக்கிற இடைவெளியில் வீட்டுக்கு ஓடிவருவார். அம்மா அந்த நேரம் அலுவலகங்கள் துப்புரவு செய்யப் போயிருப்பா, அதனால் வெள்ளிக்கிழமைப் பூசை அப்பாவின் பொறுப்பு. எத்தனை முறை சவர்க்காரம் போட்டுக் குளித்தாலும் அவருடைய கையில் உணவகத்து எண்ணெய் வாடை இருக்கும், அதற்காகவே சந்தனத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பூசிக்கொள்வார். ஆறாம் மாடியில் ஒரே அறை, சமையல் மேடையின் மேல்தட்டில் சாமிப்படங்கள், பக்கத்தில் கசெட் பெட்டி. அந்தக் கசெட் வந்த முதல் வெள்ளிக்கிழமை, அப்பா கற்பூரத்தைக் கொளுத்தியபோது கடைசி முருகன் பாட்டு முடிந்தது. நாடா கொஞ்ச நேரம் இரைந்தது. பிறகு இயந்திரத்தில் செய்த மேளம், டக் டக் டக் டக் என்று, களைக்காமல், ஒரே சீராக. அதன் மேல் ஒரு கிற்றார் தகரத்தைச் சுரண்டுவது போல. பிறகு ஒரு பெண்ணின் குரல். நான் நிறுத்தக் கையை நீட்டினேன். அப்பா கற்பூரத் தட்டோடு திரும்பிப் பார்த்தார்.

"தொடாதை பிள்ளை. சாமிக் கசெட். முடியட்டும்."

"அப்பா, உது பிரெஞ்சு."

"ஓம், அதுக்கென்ன? மாமா இஞ்சத்தைய ஆக்களின்ரை கும்பிடுற பாட்டையும் கடைசியிலை ஒண்டு போட்டிருக்கிறார். அவையின்ரை நாட்டிலை எல்லே இருக்கிறம். மரியாதை வேணும்."

அந்தப் பாட்டு முடியும் வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு, கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றார். நானும் நின்றேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். திருநீறு பூசுவதும் பாட்டு முடிந்த பிறகுதான். பள்ளிக்கூடத்தில் ஒரு சொல்லும் விளங்காமல் உட்கார்ந்திருந்த எனக்கு, அந்தப் பெண் சொன்ன சொற்கள் மட்டும் ஒவ்வொன்றாகத் தெளிவாகக் கேட்டன. அவள் இழுத்துப் பாடவில்லை, குழைந்து பாடவில்லை. சாமான் பட்டியல் வாசிப்பது போலப் பாடினாள். நான் முதலில் மனப்பாடம் செய்த பிரெஞ்சு அதுதான். அர்த்தம் தெரியாமலே, அவள் மூச்சு விடுகிற இடத்தில் மூச்சு விட்டுப் பழகினேன்.

அர்த்தம் தெரிந்த நாள் இன்னும் நினைவிருக்கிறது. அதற்குள் எனக்குப் பன்னிரண்டோ பதின்மூன்றோ வயதாகியிருந்தது. படிக்கட்டில் ஏறிக்கொண்டே வாய்க்குள் முணுமுணுத்தபோது, சொற்கள் திடீரென்று ஒன்றோடொன்று சேர்ந்து வாக்கியமாகின. கடவுளைப் பற்றிய பாட்டே இல்லை அது. நீங்கள் தட்டுவது கேட்கிறது, என் வீட்டில் விளக்கு எரிவது உங்களுக்குத் தெரிகிறது, நான் உள்ளேதான் இருக்கிறேன், கதவைத் திறக்கமாட்டேன். பாட்டு முழுக்க இதுதான். ஏன் திறக்கவில்லை என்று காரணம் சொல்லவில்லை, திறக்காததற்காக வருந்தவுமில்லை. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இத்தனை காலம் அப்பாவை ஏமாற்றிக் கும்பிட வைத்தது போல இருந்தது. அன்று மாலையே சொல்லிவிட்டேன். அப்பா சந்தனக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார், தோள் குலுங்கக் குலுங்க.

"உள்ளுக்கை இருக்கிறன், திறக்கமாட்டன் எண்டோ சொல்லுறாள்?"

"ஓம் அப்பா."

"இந்த ஊரிலை நாங்கள் எத்தினை கதவிலை தட்டிப்போட்டம். உள்ளுக்கை ஆள் இருந்துகொண்டே இல்லையெண்டு சொல்லுவாங்கள், நாளைக்கு வா எண்டுவாங்கள், வேறை கதவைக் காட்டுவாங்கள். இவள் ஒருத்தி எண்டாலும் நேரை சொல்லுறாளே. கும்பிடலாம் பிள்ளை, தப்பில்லை. போடு."

அந்த வெள்ளிக்கிழமையும் பாட்டு முடியும் வரைக்கும் நின்றோம். அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமையும். வித்தியாசம் ஒன்றுதான், இப்போது தெரிந்துகொண்டே நின்றோம்.

அதற்குப் பிறகுதான் அட்டையில் ஒட்டியிருந்த முருகன் படத்தின் ஓரத்தை நகத்தால் மெல்லக் கிளப்பினேன். கீழே நீண்ட கறுப்புக் கோட்டுப் போட்ட நான்கு இளம் ஆட்கள், ஈரமான சிமெந்துச் சுவர் ஒன்றின் முன்னால். மூன்று ஆண்கள், ஒரு பெண். ஆல்பத்தின் பெயர் 'வாசலில் எவருமில்லை' என்று வரும் தமிழில். இப்போது பெரிய கட்டுரைகள் எழுதுகிறார்களே, பிரெஞ்சுப் புதிய அலை ரொக் இசையில் அது ஒரு திருப்பம் என்று, அதையெல்லாம் நான் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகுதான் வாசித்தேன். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அதற்கு முன்னால் இங்கே பாட்டு என்றால் மனம் உருக வேண்டும், காதலன் போய்விட்டான் என்று பெண் விம்ம வேண்டும், பின்னால் வயலின்கள் அவளைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். நம்முடைய சினிமாப் பாட்டும் வேறென்ன? இந்த நான்கு பேரும் வயலினைத் தூக்கி எறிந்தார்கள். மேளக்காரனுக்குப் பதில் ஒரு இயந்திரத்தை வைத்தார்கள், ஏனென்றால் மேளக்காரன் வைத்திருக்கிற அளவுக்கு அவர்களிடம் இடமும் இல்லை, ஆளும் இல்லை. பேஸ் கிற்றாரை முன்னால் நடக்கவிட்டார்கள். சிறிய மின் ஓர்கன் ஒன்றில் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தார்கள், எங்கள் வீட்டில் முருகன் பாட்டின் சுருதிப்பெட்டி ஓய்ந்த இடத்தில் அந்தச் சுரம் வந்து உட்கார்ந்தபோது இரண்டும் உறவு போலவே இருந்தன. விமர்சகர்கள் அதைக் 'குளிர்ந்த இசை' என்கிறார்கள். அப்பாவுக்கு ஓர் எழுத்துப் பிரெஞ்சும் தெரியாது, ஆனால் அவர் சொன்னதுதான் சரியான விமர்சனம்: "இவள் அழாமல் பாடுறாள்." அது குளிர் இல்லை மகன். யாரிடமும் இரங்கிக் கேட்காத குரல் அது. இரங்கிக் கேட்பதையே எல்லோரும் எதிர்பார்க்கிற இடத்தில், அப்படி ஒரு குரலை வைத்திருப்பது பெரிய சொத்து.

எனக்கு அது எப்போது பயன்பட்டது என்று சொல்கிறேன். பதினைந்து வயதில், எந்தப் படிப்புக்குப் போவது என்று பள்ளிக்கூடத்தில் முடிவு செய்கிற கூட்டம். வழிகாட்டுகிற அம்மையார் அன்பானவர்தான், அதுதான் பிரச்சினை. என் புள்ளிகளைப் பார்த்தார், அப்பாவின் கைகளைப் பார்த்தார். தையல் தொழிற்படிப்பு என்றால் சீக்கிரம் சம்பாதிக்கலாம், பெற்றோருக்கு உதவியாக இருக்கும், நீண்ட படிப்பு உன்னைப் போன்றவர்களுக்குக் களைப்பாக இருக்கும் என்று மெல்லிய குரலில் சொன்னார். என் வகுப்பிலிருந்த தமிழ்ப் பெட்டைகள் சிலரை ஏற்கெனவே அப்படி அனுப்பியிருந்தார். அவர்கள் அழுதார்கள், அவர் கடதாசிக் கைக்குட்டை கொடுத்தார், அவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். நான் அழவில்லை. சிரிக்கவுமில்லை. பாட்டில் வருகிற அதே குரலில், அதே வேகத்தில், "நீங்கள் சொல்வது கேட்கிறது. வேண்டாம்" என்றேன். அவர் காரணத்துக்காகக் காத்திருந்தார். நான் காரணம் கொடுக்கவில்லை. அப்பா என் பக்கம் சாய்ந்து, "என்ன சொன்னனி?" என்று கேட்டார். "திறக்கமாட்டன் எண்டு சொன்னனான்" என்றேன். அப்பாவுக்கு உடனே விளங்கிவிட்டது. எழுந்து, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த இரண்டு பிரெஞ்சுச் சொற்களில் நன்றி சொன்னார்: "மெர்சி மதாம்." நாங்கள் வெளியே வந்துவிட்டோம். நான் நீண்ட படிப்புக்குத்தான் போனேன். நீ பிறந்தபோது என்னிடம் பட்டமும் இருந்தது, நூலகத்தில் வேலையும் இருந்தது. அந்த அறையில் நான் அழுதிருந்தால் உன் வாழ்க்கையும் வேறாக இருந்திருக்கும். இதை நீ எப்போதாவது யோசித்திருக்கிறாயா?

நீயும் அந்தப் பாட்டோடுதான் வளர்ந்தாய், மறந்துவிட்டாய். நான் அதைக் குறுந்தட்டில் தேடி வாங்கியிருந்தேன். நான் சமைக்கும்போது போட்டால், நீ முழங்காலை மடக்காமல், கையை நீட்டிக்கொண்டு, குசினியைச் சுற்றி நடப்பாய். 'ரோபோப் பாட்டு' என்று பெயர் வைத்தவன் நீ. "அம்மா, ரோபோவுக்கு ஏன் கதவு திறக்கேல்லை?" என்று கேட்டாய். அது திறக்க விரும்பவில்லை என்று சொன்னேன். "விரும்பாட்டித் திறக்கத் தேவையில்லைத்தானே" என்று நீயே முடித்துவைத்தாய். ஐந்து வயதில் உனக்கு அவ்வளவு விளங்கியது.

இனி அந்தக் காணொளியின் கதை. ஆல்பத்தை இப்போது திரும்ப வெளியிட்டிருக்கிறார்கள் என்பதால், எங்கள் நூலகத்தின் இசைப் பிரிவில் ஒரு மாலைக் கூட்டம் வைத்தோம். அதைப் பற்றிப் புத்தகம் எழுதியவர் ஒருவர் பேசினார். நன்றாகவே பேசினார். ஆனால் பேச்சில் திரும்பத் திரும்ப ஒரு வாக்கியம் வந்தது: வெளிவந்த காலத்தில் இந்த ஆல்பத்தை யாரும் கேட்கவில்லை. முதல் முறை நான் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன், பேசாமல் இருந்தேன். இரண்டாம் முறையும் பொறுத்தேன். மூன்றாம் முறை கையை உயர்த்திவிட்டேன். "நாங்கள் கேட்டோம்" என்றேன். "நாங்கள் என்றால்?" "லா ஷப்பேலில். வெள்ளிக்கிழமைகளில்." சபை சிரித்தது. மாமாவின் கசெட்டையும் அப்பாவின் பூசையையும் சுருக்கமாகச் சொன்னேன். அவர் மரியாதையாகத் தலையாட்டினார். அழகான சம்பவம், ஆனால் அது தற்செயல், இசையைக் கேட்டதாக அதைக் கணக்கில் எடுக்க முடியாது என்றார். என் அப்பா வருடக்கணக்காகக் கண்ணை மூடி நின்றது தற்செயலாம். உடனே பாடத் தொடங்கினேன். எங்கள் வீட்டில் எப்படி ஒலித்ததோ அப்படியே, முருகன் பாட்டின் கடைசி அடி, பிறகு நாடாவின் இரைச்சல் அளவுக்கு ஒரு மௌனம், பிறகு அந்தப் பாட்டு முழுவதும். என்னோடு வேலை செய்கிறவள் அதைப் படம் பிடித்தாள். முடிந்ததும் கை தட்டினார்கள். பேச்சாளர் நன்றி சொல்லிவிட்டுத் திரையில் அடுத்த படத்துக்குப் போனார். அவருடைய அடுத்த பதிப்பில் அந்த வாக்கியம் அப்படியே இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

கோட்டுகள் தொங்குகிற இடத்தில், நரைத்த தலையை ஒட்ட வெட்டிய ஒரு பெண் எனக்காகக் காத்து நின்றார். கூட்டம் முழுவதும் பின்வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவர். ஒதில். அந்தக் குரலின் சொந்தக்காரி. "இரண்டாவது பகுதியில் நீங்கள் ஒரு கணம் நிறுத்துகிறீர்களே, ஏன்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை, கசெட்டில் அப்படித்தான் இருக்கும் என்றேன். "பதிவுசெய்த அன்று அந்த இடத்தில் எனக்கு இருமல் வந்தது, அடக்கினேன். நீங்கள் என் இருமலுக்கும் இடம் விட்டுப் பாடுகிறீர்கள்" என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார். விற்காத கசெட்டுகளையெல்லாம் நொறுக்கப்போவதாகத்தான் அந்தக் காலத்தில் கம்பனி அவர்களுக்குச் சொல்லியிருந்ததாம். நொறுங்கிப்போனது என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தாராம். மாமா செய்தது திருட்டு, அதை ஊருக்குச் சொல்லி ஏன் நம்மை அவமானப்படுத்துகிறீர்கள் என்று நீ கேட்டாய். திருட்டு என்று ஒதில் சொல்லட்டும், நான் தலை குனிகிறேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. "அந்தக் கடைசிப் பாட்டை என்னோடு வந்து பாடுங்கள்" என்றுதான் சொன்னார். "அந்த மௌனத்தோடு, முன்னால் வருகிற அந்த அடியோடு."

கூறைச்சேலை எடுக்கப் போன அன்று நீ வேலையில் இருந்தாய், அதனால் நடந்ததை அபிராவின் அப்பா சொன்னபடிதான் கேட்டிருப்பாய். நான் என் காதால் கேட்டபடி சொல்கிறேன். லா ஷப்பேலில் சேலைக்கடை, எங்களுக்கு முன்னால் சிவப்பும் பொன்னுமாக ஒரு குவியல். அபிரா ஒன்றைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா என் பக்கம் திரும்பாமல், கடைக்காரரிடம் பேசுவது போலத் தொடங்கினார்.

"அண்ணை, இப்ப முருகன்ரை பாட்டையும் டிஸ்கோவிலை ஆடுகினமாம், கேள்விப்பட்டனீங்களோ?"

கடைக்காரர் பாவம், சேலை மடிப்பதில் மும்முரமாகிவிட்டார்.

"டிஸ்கோ இல்லை, ரொக்" என்றேன் நான். "என்னோடை கதைக்கிறதெண்டா என்னைப் பாத்துக் கதையுங்கோ."

"சரி, உங்களையே கேக்கிறன். சாமிப் பாட்டை அந்தக் குப்பையோடை சேத்துப் பாடுறது நக்கல் இல்லையோ? மாப்பிள்ளையின்ரை தாய், வெள்ளைக்காரியோடை மேடையிலை நிண்டு குதிச்சா, நாளைக்கு மண்டபத்திலை சனம் என்ன கதைக்கும்?"

"நான் குதிக்கமாட்டன். அது குதிக்கிற பாட்டில்லை."

"எனக்குத் தெரியும் அது என்ன பாட்டெண்டு. எங்கட வீட்டிலையும் உந்தக் கசெட் இருந்தது. முருகன் பாட்டு முடிஞ்ச உடனை ஓடிப்போய் நிப்பாட்டிப்போடுவன். ஒருநாளும் அந்தச் சனியனை வீட்டுக்கை கேக்க விட்டதில்லை."

அவர் பெருமையாகத்தான் சொன்னார். எனக்கு அப்போதுதான் அவரை விளங்கியது. அவர் கெட்டவர் இல்லை நிரூபன். தெரியாத சத்தம் வீட்டுக்குள் வந்தால் ஓடிப்போய் நிறுத்துகிற ஒரு ஆள், அவ்வளவுதான். பயந்து வந்த சனம் நாங்கள், அந்த ஓட்டத்தின் நியாயம் எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் என் அப்பாவும் அதே பயத்தோடு, அதே ஊரிலிருந்து, அதே கசெட்டை வாங்கியவர்தான். அவர் நிறுத்தவில்லை. என்னவென்று தெரியாத ஒன்றுக்கு முதலில் மரியாதை கொடுத்தார், தெரிந்த பிறகும் கொடுத்தார். நக்கல் என்று சொல்கிறாரே, முருகன் முன்னால் அந்தப் பாட்டை என் அப்பாவை விடப் பக்தியாகக் கேட்டவன் இந்த உலகத்தில் இருக்கமாட்டான். அந்த மேடையில் நான் முருகனைக் கிண்டல் செய்யப்போவதில்லை. எங்கள் ஆறாம் மாடி அறையில் வெள்ளிக்கிழமை எப்படி இருந்ததோ, அதை அப்படியே வைக்கப்போகிறேன். கேட்கவேயில்லை என்று எங்களை எழுதாமல் விட்டவர்களுக்கும், கேட்டிருக்கவே கூடாது என்று சொல்கிற நம்முடைய ஆட்களுக்கும் சேர்த்துத்தான்.

உன் அப்பாவைப் பற்றிக் கவலைப்படாதே. விமான நிலையத்தில் வேலை முடிந்து வந்த மனிதரிடம் உன் செய்தியைக் காட்டினேன். சோற்றைப் பிசைந்துகொண்டே வாசித்தார். "பாடுறதெண்டாப் பாடு. எனக்கு ஒண்டைச் சொல்லு, அந்த இடத்திலை கார் விடலாமோ, இல்லாட்டி ரயிலோ?" என்றார். சம்பந்தி கோபித்தால்? "கோவிச்சாக் கோவிக்கட்டும். அவர் ஊரிலையிருந்து வரேக்கையே கோவத்தோடைதான் வந்தவர், நீ ஒண்டும் புதுசாக் குடுக்கேல்லை." இருபத்தைந்து வருட வாழ்க்கையில் இந்த மனிதர் எனக்குப் பூ வாங்கித் தந்தது குறைவு. ஆனால் நான் செய்யப்போவதை நிறுத்துவதற்கு ஒருநாளும் கை நீட்டியதில்லை. கல்யாணம் கட்டப்போகிற பிள்ளைக்கு அறிவுரை சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குத் தெரிந்த அறிவுரை இது ஒன்றுதான். நீ கட்டப்போகிறவளுக்குள் உனக்கு விளங்காத பாட்டு ஒன்று ஓடும். அது உன்னை வரவேற்கிற பாட்டாக இருக்கவேண்டும் என்றில்லை. முடியும் வரைக்கும் நின்று கேள். உனக்குப் பிடிக்காமல் போகலாம், பயமாகக் கூட இருக்கலாம். அப்போதும் நில். சமாதானமாகப் போகலாமே என்று நீ எனக்கு எழுதினாய். யாரோ ஒருவர் மட்டும் வாயை மூடிக்கொண்டிருப்பதால் கிடைக்கிற அமைதிக்குப் பெயர் சமாதானமில்லை. வீட்டில் அந்த ஒருவர் எப்போதும் ஒரு பெண்ணாக இருப்பதையும் நீ பார்த்திருப்பாய்.

நான் பாடினால் கல்யாணம் நிற்கும் என்று அவர் உன்னிடம் சொன்னாரா, சொல்லாமல் சொன்னாரா, எனக்குத் தெரியாது. நீ அபிராவை எவ்வளவு விரும்புகிறாய் என்று எனக்குத் தெரியும். உன் மகிழ்ச்சிக்காக ஒரு பாட்டை விட்டால் என்ன, நான் என்ன பெரிய பாடகியா என்று ஒரு நாள் முழுக்க என்னோடு நானே வாதாடினேன். ஒதில் அம்மாவிடம் மறுத்துவிடலாம் என்று தொலைபேசியையும் கையில் எடுத்தேன். அப்போதுதான் உறைத்தது. நீ என்னிடம் கேட்டாய், அவர் உன்னிடம் கேட்டார், நான் உன் அப்பாவிடம் கேட்டேன். எல்லோரும் எல்லோரிடமும் கேட்டுவிட்டோம், மணமகளைத் தவிர.

அதனால் நேற்று அபிராவைக் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரி வேலை முடிந்து, கண் சிவந்து, நேரே நூலகத்துக்கு வந்தாள். அவள் சொன்னதை இங்கே எழுதலாமா என்று கேட்டுத்தான் எழுதுகிறேன். நான் சுற்றி வளைக்கவில்லை. "பிள்ளை, நான் பாடுறதாலை உன்ரை கல்யாணத்துக்குக் கெடுதி வருமெண்டா நீ இப்பவே சொல்லு" என்றேன். அவள் கையிலிருந்த கோப்பியைக் கீழே வைத்தாள்.

"மாமி, கல்யாணத்துக்குப் பிறகு இரவு வேலையை விடச் சொல்லி அப்பா நிரூபனோடை கதைச்சவர். தெரியுமோ?"

எனக்குத் தெரியாது.

"நிரூபன் ஓம் எண்டும் சொல்லேல்லை, இல்லை எண்டும் சொல்லேல்லை. 'பாப்பம் மாமா' எண்டவராம். இண்டைக்கு நீங்கள் பாடாமல் விட்டா, அதுக்கு அடுத்தது நான்தான் மாமி. பாடுங்கோ."

இதை வாசிக்கும்போது உன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், நான் பெற்ற முகம்தானே. அபிராவின் வாக்கியத்துக்கு உன்னிடம் பதில் இருந்தால், அதை எனக்கு அனுப்பாதே. அவளிடம் போய், அவள் முகத்தைப் பார்த்துச் சொல். 'பாப்பம்' என்று மட்டும் சொல்லிவிடாதே.

எனக்கு ஒத்திகைக்கு நேரமாகிறது, அட்டையில் ஒதிலோடு நின்ற மற்ற மூன்று பேரும் வந்துவிட்டார்களாம்.

உன் அம்மா